வில்லும் குடமும் வீட்டில் பதிய எந்த ரெக்கார்டர்?

கேள்வி: என் அப்பா வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், வயது 67. தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இந்தப்புறம் மார்த்தாண்டம், அந்தப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை கோவில் கொடை விழாக்களில் பாடியிருக்கிறார். அவர் வலம்; நான் இடம், அதாவது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து 'ஆமா' போட்டுப் பின்பாட்டுப் பாடுவேன். தம்பி உடுக்கை, சித்தப்பா குடம், பக்கத்து வீட்டு மாமா தாளம். அப்பாவுக்கு இப்போது முன்போல் மூச்சுப் பிடித்துப் பாட முடிவதில்லை. அவருக்குத் தெரிந்த கதைகளை வீட்டிலேயே பதிந்து வைக்க ஆசை. 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். கடையில், எட்டு ஒலிகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் 8 டிராக் ரெக்கார்டர் வாங்கச் சொல்கிறார்கள். தம்பி செல்போனே போதும் என்கிறான். பழைய லேப்டாப் ஒன்று உண்டு, ஆனால் அதில் நேரடியாகப் பதிய எனக்குத் தெரியாது. கரண்டும் அடிக்கடி போகும். இன்னொன்று, மைக்கைப் பார்த்தாலே அப்பாவுக்குப் பாட்டு இறுகிவிடுகிறது. என்ன செய்யலாம், அண்ணா?

வாசகி, விளவங்கோடு வட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

8 டிராக் ரெக்கார்டர் வேண்டாம். உங்கள் குழுவுக்கு வேண்டியது கையில் அடங்குகிற சின்ன ஸ்டீரியோ ரெக்கார்டர். தலைப்பக்கம் இரண்டு மைக், உள்ளே ஒரு மெமரி கார்டு, இரண்டு பேட்டரி, அவ்வளவுதான். உங்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். மிச்சத்துக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கடைக்காரர் காட்டியது மோசமான கருவி இல்லை. 1979-ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக் பதியும். ஒரே ஆள் கிதாரை முதலில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே மேலே பாடி, அதற்கும் மேலே இன்னொரு குரலைச் சேர்க்கலாம். பிறகு வந்த டாஸ்காம் டிபி-006, ஜூம் ஆர்4 எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் விலை குறைந்த பெட்டிகளில் டிராக் எத்தனை இருந்தாலும், ஒரே நேரத்தில் பதிவது பெரும்பாலும் இரண்டுதான். மற்றதெல்லாம் ஒவ்வொருவராக வந்து பதிய வேண்டும்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும்? சித்தப்பா தனியாக உட்கார்ந்து குடம் அடிக்க வேண்டும். அப்புறம் அப்பா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாட வேண்டும். அதற்கும் பிறகு நீங்கள் வந்து 'ஆமா' போட வேண்டும். அப்பா முகத்தைப் பார்க்காமல் போடுகிற 'ஆமா'வுக்கு உயிர் இருக்குமா என்று உங்களுக்கே தெரியும். கதையை எங்கே நிறுத்துவார், எங்கே வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்கித் தாளத்தை மாற்றுவார் என்பது அந்த நிமிஷத்தில் அவர் கண்ணிலும் கையிலும்தான் இருக்கிறது. ஆகவே எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். பாடுவதை அப்படியே எடுக்க இரண்டு மைக் போதும். நாளைக்கு நீங்கள் தனியாக ஆர்மோனியத்தோடு பாட்டுக் கட்டி, அதில் நீங்களே இரண்டாம் குரல் சேர்க்க நினைத்தால், அன்று டிராக் பெட்டி வாங்கலாம்.

வில்லுப்பாட்டில் வலம் பாடுகிறவர் ஒரு பக்கம், இடம் பாடுகிறவர் மறுபக்கம். ஸ்டீரியோ என்பதும் இரண்டு பக்கம்தான். குழுவுக்கு எதிரே சரியான இடத்தில் ரெக்கார்டரை வைத்தால், அப்பா குரல் ஒரு காதுப் பக்கமும் உங்கள் குரல் மறு காதுப் பக்கமும், நடுவில் வில்லின் மணியுமாக, கோவில் முற்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பதுபோலவே இருக்கும். இதற்காகவே எக்ஸ்-ஒய் அமைப்பில் மைக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மைக்கும் கத்தரிக்கோல் போல ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் குறுக்காக நிற்கும். ஒலி இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அதனால் நாளைக்கு இந்தப் பதிவை யாராவது செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டாலும் குரல் உள்வாங்காது. மைக்குகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒலி முன்பின்னாக வந்து சேரும்; இரண்டையும் ஒன்றாக்கும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

தம்பி சொல்வதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். செல்போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பெரும்பாலான போன்கள் தாமாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், பின்னணி ஒலியைக் குறைக்கப் பார்க்கும். உடுக்கையின் கார்வையும் தாளத்தின் ஓசையும் அதற்கு இரைச்சலாகத் தெரியும், அரித்து எடுத்துவிடும். ஆனாலும் ஒன்று: ரெக்கார்டர் வருகிறவரை சும்மா இருக்க வேண்டாம். இன்று ராத்திரி அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதையை எடுத்தால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். வார்த்தையாவது மிஞ்சும். எல்லைக்கு அந்தப்புறம் இதையே வில்லடிச்சான் பாட்டு என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாடிய ஒருவர் வாயில் தமிழும் மலையாளமும் எப்படிக் கலந்து வரும் என்பது அவர் பாடினால்தான் தெரியும்.

இனி எந்த ரெக்கார்டர் என்ற விஷயம். உங்கள் வீட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டார் எல்லாரும் வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறீர்கள், ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒலியளவைச் சரியாக வைப்பதுதான் பதிவில் பாதி வேலை. டிஜிட்டலில் உச்சம் பூஜ்ஜியம் டெசிபெல். அதைத் தாண்டினால் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும், பிறகு எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. அப்பா மெல்லக் கதை சொல்லிக்கொண்டிருப்பார், திடீரென்று குடமும் வீசுகோலும் சேர்ந்து விழும். இரண்டுக்கும் பொருந்த ஒரே அளவு வைப்பது அனுபவப்பட்டவர்களுக்கே சிரமம்.

அதனால் 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் ரெக்கார்டரை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். மெல்லிய ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று என, ஒலியை எண்களாக்கும் மாற்றிகள் இரண்டு அதற்குள் இருக்கும். ஒலியளவு வைக்கிற வேலையே கிடையாது. பதிந்த பிறகு லேப்டாப்பில் ஏற்றலாம், இறக்கலாம். குடத்தின் அடியும் வெட்டுப்படாது, அப்பாவின் முணுமுணுப்பும் தொலையாது. 2024-ல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் இந்த வகையில் விலை குறைந்தது. எக்ஸ்-ஒய் மைக், இரண்டு டிரிபிள்-ஏ பேட்டரி, மைக்ரோ எஸ்டி கார்டு. அளவைச் சரிசெய்ய அடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உங்கள் பழைய லேப்டாப்பிலேயே ஓடும். செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை, பள்ளிக்கூடப் பிள்ளை யாராவது அரைமணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வசதி வந்துவிட்டது என்பதற்காக மைக்கைக் குடத்தின் வாயருகே கொண்டுபோகாதீர்கள். மாற்றிகள் தாங்கினாலும் மைக் தாங்க ஒரு எல்லை உண்டு. இந்த விலை ரெக்கார்டர்களில் அது 120, 125 டெசிபெல் அளவில் நிற்கும். மைக்கிலேயே உடைந்த ஒலியை 32 பிட் காப்பாற்றாது.

எச்1 எசென்ஷியல் கிடைக்காவிட்டால் டாஸ்காம் டிஆர்-07எக்ஸ் நல்லது. 24 பிட்தான், அதனால் ஒலியளவை நீங்களே வைக்க வேண்டும். மைக்குகளைத் திருப்பி எக்ஸ்-ஒய்யாக வைத்துக்கொள்ளலாம். அதன் தம்பி டிஆர்-05எக்ஸ் இன்னும் மலிவு, ஆனால் அதன் மைக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்குபவை. சிமெண்ட் தரையும் கான்கிரீட் கூரையும் உள்ள வீட்டில் எதிரொலியையும் சேர்த்து அள்ளும். பழைய ஜூம் எச்1என் யாராவது நல்ல நிலையில் விற்றால் அதுவும் சரிதான். வாங்குமுன் பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஹெட்ஃபோனைச் செருகி, இரண்டு மைக்குக்கும் அருகே விரல்களைத் தேய்த்து, இரண்டு காதிலும் ஒரே அளவு கேட்கிறதா என்று சோதியுங்கள். புதிது வாங்கினால் பில்லும் இந்திய உத்தரவாதமும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதை வாங்காதீர்கள்.

24 பிட் ரெக்கார்டர் வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. தானாக ஒலியளவை மாற்றும் ஆட்டோ லெவலை அணைத்துவிடுங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடையில் பெரியவர் ஒருவர் பாடியதைப் பதிந்தேன். அவசரத்தில் ஆட்டோ லெவல் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், குடம் விழும் ஒவ்வொரு முறையும் அவர் குரல் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது, அடி ஓய்ந்ததும் மெல்ல மேலே வருகிறது, கூடவே ஜெனரேட்டர் இரைச்சலும் பொங்கி வருகிறது. நான்கு மணி நேரமும் அப்படித்தான். மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த ஆடிக்குள் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பதிவைச் சரிசெய்ய இன்றுவரை என்னால் முடியவில்லை. எல்லாரும் சேர்ந்து உச்சமாகப் பாடும் பகுதியை முதலில் ஒரு நிமிஷம் பாடச் சொல்லுங்கள். திரையில் ஒலியளவு காட்டும் பட்டை மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கும்படி அளவை வையுங்கள். பாட்டு சூடேறும்போது எப்படியும் அதற்கு மேல் போகும், அதற்கு அந்த இடம் வேண்டும்.

இப்போது எதை எங்கே வைப்பது என்று பார்ப்போம். விலையைவிட நான் அதிகம் அக்கறைப்படுவது இதில்தான். 5,000 ரூபாய் ரெக்கார்டரைச் சரியான இடத்தில் வைத்து எடுத்த பதிவு, 50,000 ரூபாய்க் கருவியைக் கண்ட இடத்தில் வைத்து எடுத்ததைவிட நன்றாக இருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

ஸ்டாண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். கையில் பிடித்தால் விரல் அசைவெல்லாம் பதியும். தரையில் வைத்தால் குடத்தின் அதிர்வு சிமெண்ட் வழியாக ஏறிவரும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் நான்காக மடித்த ஜமக்காளம் போடுங்கள். வில்லிலிருந்து ஐந்து, ஆறு அடி தள்ளி, உட்கார்ந்திருக்கும் அப்பாவின் தலை உயரத்துக்குச் சற்று மேலே ரெக்கார்டர் இருக்கட்டும். மைக் முனை குழுவைப் பார்க்க, திரை மேலே பார்க்கப் படுக்கவைக்க வேண்டும். பாட்டுக்காரர் மைக்கைப் பிடிப்பதுபோல் நிமிர்த்தி வைத்தால் மைக்குகள் கூரையைப் பார்க்கும், வலம் இடம் குழம்பிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் பலர் செய்யும் தப்பு இது. உயரம் குறைந்தாலும் தொந்தரவு. தரையில் புரிமணை வளையத்தில் இருக்கிற குடம் மைக்குக்கு நேரே வந்துவிடும். மட்டை விழும்போது குடத்தின் வாயிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும், அது மைக்கில் பட்டால் 'பொத்' என்ற ஊதல்தான் பதியும், குடத்தின் நாதம் பதியாது. மைக்குக்கு மேலே ஒரு நுரைத் தொப்பி போட்டே வையுங்கள்.

ஒரு நிமிஷம் பதியுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். வயர் உள்ள, காதை மூடும் ஹெட்ஃபோன், புளூடூத் வேண்டாம். ரெக்கார்டரில் உள்ள குட்டி ஸ்பீக்கரை நம்பிக் குடத்தைத் தீர்மானிக்க முடியாது, அதில் அடிநாதமே கேட்காது. குடம் அதிகமாக இருந்தால் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள், சித்தப்பாவைக் குடத்தோடு அரையடி பின்னுக்கு நகரச் சொல்லுங்கள். வில்லும் கூடவே சாய்ந்து நகரும், பரவாயில்லை. அப்பா குரல் அடங்கியிருந்தால் அவரை ஓரடி முன்னே வரச் சொல்லுங்கள். தாளம் போடும் மாமா பின்வரிசைக்குப் போகட்டும். சின்னப் பொருள்தான், ஆனால் அதன் ஓசை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு வரும். தம்பியின் உடுக்கை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பட்டும். மறுபடி ஒரு நிமிஷம். மறுபடி கேளுங்கள். நான்கைந்து முறை செய்தால் போதும். அப்புறம் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள், அடுத்த தடவை நேரம் மிச்சம்.

அறையில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். 'டணங்' என்று திரும்பி வந்தால் சுவரில் கம்பளியோ பழைய ஜமக்காளமோ தொங்கவிடுங்கள். ஒரு மெத்தையை மூலையில் சாய்த்து வைக்கலாம். ஓட்டு வீடு என்றால் பாதிக் கவலை இல்லை, சாய்ந்த கூரையும் ஓட்டின் மடிப்பும் ஒலியைச் சிதறடித்துவிடும். பஞ்சுப் பலகை எதுவும் வாங்க வேண்டாம்.

நேரம் இரவு பத்துக்கு மேல் நல்லது. நெடுஞ்சாலையில் லாரி குறையும், கோவில் குழாய் ஸ்பீக்கரும் நின்றிருக்கும். அதைவிட, கொடையில் ராத்திரி முழுக்கப் பாடிப் பழகிய குரல் அது, அந்த நேரத்தில்தான் திறக்கும். ஃபேனை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். அதை மறுபடி போட மறந்து மீன் கெட்டுப்போன வீடுகள் உண்டு, அதனால் உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். எங்கள் ஒலிப்பதிவுத் தொழிலில் பலரும் செய்வதுதான் இது. கரண்ட் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டருக்குக் கரண்ட் இல்லாத நேரம்தான் மிக அமைதியான நேரம். கரண்ட் இருந்தாலும் சார்ஜரைச் செருகிப் பதியாதீர்கள், மலிவான சார்ஜர்களின் கீச்சொலி பதிவுக்குள் வந்துவிடும். சார்ஜ் செய்யும் பேட்டரி நான்கு வாங்கி, மெனுவில் பேட்டரி வகையை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிச்ச அளவைத் தப்பாகக் காட்டும்.

மாதத்தையும் யோசியுங்கள். பங்குனி, சித்திரைக் கொடை முடிந்த கையோடு எடுத்தால் அப்பாவின் தொண்டை களைத்திருக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் மழையும் தவளையும் ஓயாது. கொடைக்கு முன்னால், தை மாசியில் எடுப்பது நல்லது. மழைக்காலத்தில் ரெக்கார்டரை மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். உங்கள் பக்கத்து ஈரத்தில் மைக்கில் பூஞ்சை ஏறிவிடும். பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள்.

ரெக்கார்டரின் மெனுவில் 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு என்று வையுங்கள். எம்பி3 வேண்டாம், அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். 32 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி ஆகும், 32 ஜிபி கார்டில் 20 மணி நேரத்துக்கு மேல் பதியலாம். கார்டைத் தெரிந்த கடையில் வாங்கி, ரெக்கார்டருக்குள்ளேயே ஃபார்மேட் செய்து, ஒருநாள் சும்மா இரண்டு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். போலிக் கார்டு பாதியில் கைவிடும். பதிந்த அன்றே லேப்டாப்பில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல். பென்டிரைவ் உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம், வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, கதை, யார் வலம், யார் இடம், யார் எந்தக் கருவி என்று நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், சொன்னது மாறாது.

கடைசியாக, அப்பாவுக்குப் பாட்டு இறுகுவது. இதற்குக் குறைபட்டுக்கொள்ள வேண்டாம், பெரிய பாடகர்களுக்கும் இது உண்டு. 'ரெடி, பாடுங்கள்' என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. தம்பி உடுக்கையைச் சூடு காட்டும்போதே ரெக்கார்டரை ஓடவிட்டு வந்து உட்கார்ந்துவிடுங்கள். சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். கட்டன் சாயா குடிப்பது, வில்லில் மணியைச் சரிசெய்வது, சித்தப்பாவோடு பேசுவது எல்லாம் பதியட்டும், 20 மணி நேர இடம் இருக்கிறது. இடையில் தப்பு வந்தால் நிறுத்தாதீர்கள். கொடையில் நிறுத்துவதில்லையே. அவர் களைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், ஒரே ராத்திரியில் ஒரு கதையை முடிக்க வேண்டும் என்றில்லை. மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும், அக்கம்பக்கத்துப் பாட்டிமார் யாராவது. ரெக்கார்டரைப் பார்த்துப் பாடுவதைவிட அவர்கள் முகத்தைப் பார்த்துப் பாடுவது அப்பாவுக்குச் சுலபம்.

வாங்கியதும் முதல் சோதனைப் பதிவில் ஒரு நிமிஷத்தை எனக்கு அனுப்புங்கள். குடத்தை இன்னும் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கேட்டுச் சொல்கிறேன்.